படகு கொடுத்தவரின் பெயர்

தமிழில் சிறுவர்களுக்காக விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதைகளைப் போடப் போகிறோம், உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மிகவும் சந்தோசம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி உற்சாகமூட்டும் கட்டுரை என்னிடமிருந்து வராது. நான் இந்தத் தொழிலில் கற்றுக்கொண்ட பெரிய விசயம் பயப்படுவதுதான். அதைத்தான் சொல்லித் தர முடியும்.

மொன்றியலில் ஒரு சிறிய பதிப்பகத்தில் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. பேஸ்போல் ஆட்டக்காரர்களின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கேற்ற மாதிரி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் போடுவோம். இந்த ஊரின் பெரிய அணி வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆனால் அது போனதை இன்னும் மன்னிக்காத அப்பாமார் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். என் வேலை சரிபார்ப்பது. எழுத்தாளர் எழுதியதில் எது உண்மை, எது கை போன போக்கில் எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பொம்பிளைக்கு பேஸ்போலைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். முதலில் ஒரு மண்ணும் தெரியாது. கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடுவது தெரியும், இதிலும் அடித்துவிட்டு ஓடுகிறார்கள் என்ற அளவில்தான் தொடங்கினேன்.

தரவுகளைச் சரிபார்க்கும் முறைகளை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றைப் பழகிக்கொள்வீர்கள். பிழை விட்டால் பிள்ளைகளே பழக்கிவிடுவார்கள். ஒருமுறை இடக்கையால் பந்து எறிபவரை வலக்கையால் எறிவதாகப் படம் போட்டுவிட்டோம். அதற்கு வந்த கடிதங்களை வாசித்தால், நாங்கள் ஏதோ கொலைக்குற்றம் செய்த மாதிரி இருக்கும். அந்த மாதிரிப் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கலாம், அடுத்த பதிப்பில் திருத்தலாம். நான் சொல்ல வந்தது பிழையே இல்லாத ஒரு அத்தியாயத்தைப் பற்றி.

அந்தப் புத்தகம் ஒரு பந்தெறிபவரைப் பற்றியது. கரிபியன் கடலில் உள்ள ஒரு தீவிலிருந்து தப்பி வந்தவர். தீவின் பெயரைச் சொல்லமாட்டேன், அவருடைய பெயரையும் சொல்லமாட்டேன். கோபிக்காதீர்கள், ஏன் என்று போகப் போக விளங்கும். அந்த நாட்டில் நல்ல ஆட்டக்காரர் வெளியேறுவது துரோகம். அவர்கள் வெளியேற உதவி செய்கிறவருக்குச் சிறை. எங்கள் ஆட்டக்காரர் அமெரிக்காவில் பெரிய பெயர் எடுத்து, மொன்றியல் பெண் ஒருத்தியைக் கட்டி, ஆட்டம் இல்லாத குளிர்காலங்களில் மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டில் வந்து இருப்பார். அதனால்தான் எங்களைப் போல ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அவர் கதை கிடைத்தது.

எழுதியவள் ஆரணி. இங்கேயே பிறந்த எங்கள் பிள்ளை, கெட்டிக்காரி. அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவள் மட்டும் அன்ரி என்பாள். அவள் எழுதியதிலேயே அழகான அத்தியாயம் "படகு தந்த மாமா". கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு மீன்பிடிகாரர் அந்த இளைஞனைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு கொடுத்து, கடைசியில் தன் படகையும் கொடுத்து அனுப்புகிறார். அவருடைய முழுப்பெயர் இருந்தது. கிராமத்தின் பெயர் இருந்தது. ஆட்டக்காரர் வைத்திருந்த பழைய போட்டோவைப் பார்த்து வரைந்த படமும் இருந்தது: வீடு, வேலி, வாசலில் முன்பல் ஒன்று இல்லாமல் சிரிக்கிற அந்த மனிதர். பிள்ளைகளுக்கு, உதவி செய்கிற ஆளைத்தான் கதாநாயகனை விடப் பிடிக்கும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அட்டை போட்ட முன்பிரதிகள் கொஞ்சம் வந்து ஆட்டக்காரரின் வீட்டுக்கும் போய்விட்டன. மொத்த அச்சு அடுத்த வாரம்.

ஆட்டக்காரரின் தாயார் இன்னும் தீவில்தான் இருந்தார். அந்த அத்தியாயத்தை அவரிடமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்று ஆரணி மருமகள் மூலமாகத் தொலைபேசியில் பேசி, பதிவு செய்துகொண்டு வந்தாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"அன்ரி, அம்மாவுக்கு வயசு போட்டுது போல. அந்த ஆளைத் தெரியாது எண்டுறா. மகன் அவரிட்ட எத்தினை வருசமாப் போய் வந்தவர். பேந்து என்னண்டு தெரியாமப் போகும்?"

"வேற என்ன சொன்னவ?"

"சம்பந்தமில்லாமக் கதைக்கிறா. மாம்பழம் கொண்டு வாறவர் சுகமா இருக்கிறார், இந்த முறை மரம் காய்க்கேல்லை, நீங்களும் மாம்பழத்தைப் பற்றி ஒருத்தரிட்டையும் கேக்காதேங்கோ எண்டுறா."

உங்களில் இளம் ஆட்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம், உங்கள் அம்மாமாரிடம் கேளுங்கள். சண்டைக் காலத்தில் நாங்கள் ஊருக்குத் தொலைபேசிக் கோல் எடுத்தால் இப்படித்தான் கதைப்போம். பிள்ளை பிடிபட்டால் காய்ச்சல், வெளியே வந்தால் காய்ச்சல் சுகம். ஒருவரின் பெயரும் வாயில் வராது. அந்தத் தாய்க்கு மறதி இல்லை. அவர் மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், அங்கேயே இருக்கிறார், தயவு செய்து அவரைப் பற்றிப் பேசாதீர்கள்.

நான் நேரே முதலாளியம்மாவிடம் போனேன். அந்த அத்தியாயத்தை எடுக்க வேண்டும் என்றேன். நல்ல மனிசி, ஆனால் பிறந்த நாளிலிருந்து கதவைப் பூட்டாமல் படுத்த ஆள். இங்கத்தைய ஆட்கள் பிரெஞ்சில் சொன்னதெல்லாம் என் மண்டைக்குள் எங்கள் தமிழில்தான் நிற்கிறது, அப்படியே தருகிறேன்.

"இது பிள்ளையளின்ர புத்தகம். அங்க ஆர் இதை வாசிக்கப் போகினம்? எல்லாம் உண்மையெண்டு நீதானே குறி போட்டுத் தந்தனீ?"

"உண்மைதான். அதுதான் பயம்."

"நிச்சயமா ஆபத்தெண்டு உனக்குத் தெரியுமோ?"

தெரியாது. அதுதான் அந்த வேலையின் கொடுமை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் யாரையாவது கேட்க வேண்டும், கேட்டாலே கரைச்சல், ஆபத்து. தெரியாமல் இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டிய இடம் உங்களுக்கும் வரும். அப்போது எனக்கு இருந்த ஒரே கணக்கு இதுதான்: நான் பிழையாகப் பயந்தால் ஒரு அத்தியாயம் போகும், அவர்கள் பிழையாகத் துணிந்தால் ஒரு மனிதர் போவார்.

முதலாளியம்மா ஆட்டக்காரரையே கூப்பிட்டுவிட்டார். அவரும் மனைவியும் வந்தார்கள். ஆள் நிலைவாசலில் குனிந்துதான் உள்ளே வந்தார், அவ்வளவு உயரம். நான் சொன்னதை மனைவி ஸ்பானிஷில் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த மனிசன் இல்லாட்டி நான் இல்லை. உலகம் முழுக்க என்ர பேரைச் சொல்லுது, அவற்ற பேரை ஒருத்தரும் சொல்லேல்லை. நான் நன்றி கெட்டவன் இல்லை."

அவருடன் வாதாட எனக்கு விருப்பமில்லை. நியாயமான ஆத்திரம். ஆனால் அந்த நன்றி எனக்குப் பழக்கமான நன்றி. ஆகவே ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை அவருக்குச் சொன்னேன். நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த காலம், எங்கள் ஊர்ச் சங்கம் ஆண்டுவிழாவுக்கு ஒரு மலர் போட்டது. வாழ்த்துச் செய்தி, கவிதை, நகைக்கடை விளம்பரம் எல்லாம் இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் உருகி உருகி ஒரு நன்றிக் கட்டுரை எழுதினார். சண்டைக்குள் எங்கள் ஊர்ச் சனத்தை மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்து விட்ட லொறிக்காரரைப் பற்றி: பெயர், ஊர், படம். மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். மலர் ஊருக்கும் போனது, பெருமையாகத்தான் அனுப்பினார்கள். லொறிக்காரரை விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"சுட்டுப் போட்டாங்களோ?" என்று ஆட்டக்காரரின் மனைவி கேட்டாள்.

"இல்லை. திரும்பி வந்தவர். ஆனா அதுக்குப் பிறகு அவர் ஒருத்தரையும் லொறியில ஏத்தேல்லை."

அவள் அதைக் கணவனுக்குச் சொன்னாள். அவர், எடுங்கோ, என்றார். அத்தியாயம் முழுவதும், படத்தோடு. எனக்கு அழுகை வந்தது. முதலாளியம்மாவும் சரி என்றார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் மனைவியின் முகம் வெளுத்தது. "ஐயோ, அம்மா," என்றாள்.

அவளுடைய அம்மா ஜிசேல் முந்தின நாள்தான் அதே தீவுக்குப் போயிருந்தார். உங்களுக்குத் தெரியும், இங்கே பனி கொட்டத் தொடங்கியதும் பாதிச் சனம் ஒரு கிழமைக்கு வெயில் காயத் தெற்கே பறக்கும். கடற்கரை ஹோட்டல், சாப்பாடு, நீச்சல் எல்லாம் சேர்த்து. போகிற போக்கில் மருமகனின் படகு மாமாவை நேரில் பார்த்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று, முன்பிரதி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அவருடைய கைத்தொலைபேசி அணைத்துக் கிடந்தது. ஹோட்டலுக்குத்தான் எடுக்க வேண்டும், வரவேற்பு மேசை வழியாகத்தான் தொடர்பு வரும், யாரும் ஒட்டுக் கேட்கலாம். நான் ஜிசேலின் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். புத்தகம் என்ற சொல்லே வரக் கூடாது. அங்கே ஒரு பிள்ளைக்குக் கொண்டுபோன உடுப்பு அளவில்லை, கொடுக்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லு. மேசையைச் சுற்றி ஆரணியோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேரும் நின்றோம். ஜிசேல் லைனில் வந்தார். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

"அம்மா, அந்தப் பிள்ளைக்குக் கொண்டு போன உடுப்பு அளவு பிழையாம். குடுக்காதேங்கோ, திருப்பிக் கொண்டு வாங்கோ."

"என்ன உடுப்பு? நான் ஒரு உடுப்பும் கொண்டு வரேல்லையே!"

"அம்மா, உடுப்பு. யோசிச்சுப் பாருங்கோ. அந்தப் பரிசு."

"பரிசோ? அது புத்தகமல்லோ! உன்ர மனிசனுக்குப் படகு குடுத்த ஆளின்ர…"

நான் பாய்ந்து இணைப்பைத் துண்டித்தேன். அந்த மனிசியில் ஒரு பிழையும் இல்லை. வாழ்க்கையில் ஒருநாளும் சுற்றி வளைத்துப் பேசத் தேவையில்லாமல் வாழ்ந்த பாக்கியசாலி. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்கு அந்த உடுப்புக் கதையைச் சொல்லியிருந்தால், "ஓம், விளங்குது" என்று சொல்லிவிட்டு வைத்திருக்கும்.

திரும்ப எடுக்க வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதமாக நின்றார்கள். ஆட்டக்காரர் போனைத் தூக்கியேவிட்டார். நான் அவருடைய கைக்கு மேல் என் கையை வைத்தேன். வேண்டாம் என்றேன். ஒரு சுற்றுலா மனிசியின் உளறல் ஒருமுறை காதில் விழுந்தால் மறந்து போவார்கள். உடனே இரண்டாம் முறையும் கனடாவிலிருந்து கோல் வந்தால் யாராவது காதைத் தீட்டுவார்கள். ஆட்டக்காரர் என்னை முறைத்துப் பார்த்தார். அவருக்கு உடனே எதையாவது செய்ய வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருப்பது பந்து எறிவதை விடக் கடினம். நாங்கள் காத்திருந்தோம். நான் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கிழமை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வாங்கிக் காசும் கொடுத்துவிட்டு, பையை அங்கேயே விட்டுவிட்டு பியர்ஃபொன்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் அத்தனை தூரம் வந்தும் கை வெறுமையாக இருப்பது தெரியவில்லை. என் மனிசன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆருக்கோ நீ பயந்து பயந்து எங்களுக்குச் சாப்பாடில்லை" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஜிசேல் வந்து இறங்கிய அன்று ஆரணி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு புரோசார்ட்டில் அவருடைய வீட்டுக்குப் போனாள். மகளும் மருமகனும் முன்னமே வந்து சமையலறையில் இருந்தார்கள். மனிசி வெயிலில் நன்றாகச் சிவந்து, நல்ல கோபத்தோடு இருந்தார்.

"லைன் அறுந்து போச்சு. அடுத்த நாள் நான் ரக்சி பிடிச்சு அந்த ஆளின்ர வீட்டை போனனான். நல்ல ரக்சிக்காரப் பெடியன், அவன்தான் மொழிபெயர்த்தவன்."

ஆட்டக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ரக்சிக்காரன். முன்பின் தெரியாத ஒருவன் அந்த வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"முதல் நல்லாச் சிரிச்சவர், முற்றத்தில நிண்ட புதுப் படகையும் காட்டினவர். புத்தகத்தைத் திறந்து காட்டினன், இஞ்ச பார், நீ, உன்ர வீடு, உன்ர பேர் எண்டு. அவர் அந்தத் தாள்களை மெதுவாக் கிழிச்சார். என்ர கண்ணுக்கு முன்னாலை! அடுப்புக்குள்ளை வைச்சார். பேந்து அதே அடுப்பில எங்களுக்குக் கோப்பி போட்டுத் தந்தார். பிள்ளையளின்ர புத்தகத்தை ஆரும் கிழிப்பினமோ? எவ்வளவு மரியாதையில்லாத வேலை!"

மிச்சப் புத்தகத்தை மேசையில் வைத்தார். நடுவில் தாள்கள் இல்லாமல் அது வாய் பிளந்து கிடந்தது.

"ஏதாவது சொன்னவரோ?" என்று நான் கேட்டேன்.

"ஒண்டே ஒண்டு கேட்டவர். இதைப் போல எத்தினை இருக்கு எண்டு. நான் பெருமையாச் சொன்னன், ஆயிரக்கணக்கில வரப் போகுது, பள்ளிக்கூடமெல்லாம் போகும், எல்லாப் பிள்ளையளும் உன்னைப் பற்றி வாசிக்குங்கள் எண்டு."

ஆட்டக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பனிக்குள் கோட்டும் இல்லாமல் நின்று அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மகள் தாயை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று ஆறுதலாக விளக்கினாள். ஜிசேலுக்கு விளங்கத் தொடங்கியபோது முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்ததைப் பார்த்தேன். கையில் இருந்த கோப்பையை மேசையில் வைக்கவும் மறந்துவிட்டார்.

புத்தகம் அந்த அத்தியாயம் இல்லாமல் வெளிவந்தது. "சில நல்ல மனிதர்கள் உதவினார்கள்" என்று ஆரணி ஒரு வரி எழுதினாள். அது யார் என்று கேட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள், ஒருவருக்கும் நாங்கள் பதில் போடவில்லை. முன்பிரதிகளை ஒன்றுவிடாமல் திருப்பி எடுத்து அழித்தோம். ஆனால் இதையெல்லாம் அந்த மனிதருக்குச் சொல்ல வழியில்லை. போன் எடுக்க ஏலாது, எழுத ஏலாது. ஆயிரக்கணக்கான புத்தகங்களில் தன் பெயரும் வீடும் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டு அவர் அங்கே இருக்கிறார். எனக்கு நித்திரையில் வந்த பயம் அதுதான்: நாங்கள் அச்சடிக்காத புத்தகத்துக்கு அவர் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருப்பார்.

ஆகவே, பிள்ளைகளே, நீங்கள் ஒருவரின் கதையை எழுதும்போது அவர் சம்மதித்தாரா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவருடைய கதைக்குள் வேறு யாரெல்லாம் நிற்கிறார்கள், அவர்கள் இன்னும் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெற்றி பெற்றவர் பாதுகாப்பாக இருப்பார். அவரை ஏற்றி அனுப்பியவர் பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பார்.

அடுத்த குளிர்காலம் ஜிசேல் தானாகவே திரும்பப் போனார். ஒருவரும் கேட்கவில்லை. கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. "அந்தப் புத்தகம் வரவில்லை" என்ற ஒரு வசனத்தை மட்டும் மருமகனிடம் ஸ்பானிஷில் பாடமாக்கிக்கொண்டு போனார். ரக்சி பிடிக்காமல் பெரிய ரோட்டில் பஸ்ஸால் இறங்கி, வெயிலுக்குள் நடந்து போயிருக்கிறார், அந்த வயதில். திரும்பி வந்ததும் என்னை வரச் சொன்னார். அதே சமையலறையில் இரண்டு பேரும் இருந்தோம்.

"வீட்டில வேற சனம்," என்றார். "முற்றத்தில அந்தப் படகும் இல்லை. என்னைக் கண்ட உடனை அங்க நிண்ட பொம்பிளை உள்ளை போய்க் கதவைச் சாத்திப் போட்டா."

"அவர் எங்க போனவர் எண்டு பக்கத்து வீடுகளில கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை," என்றார் ஜிசேல். எழுந்து போய் யன்னல் திரையை இழுத்துவிட்டார். வெளியே புரோசார்ட்டின் பனியும் அயல்வீட்டுக் காரும் தவிர ஒன்றும் இல்லை. பிறகு என் பக்கத்தில் வந்திருந்து, தன் சொந்தச் சமையலறையில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கேட்டால் அந்தச் சனத்துக்குக் கரைச்சல்."